கருவாட்டுக்கு வண்டி, அவளுக்கு பஸ்

சனிக்கிழமை காலையில் கடலூர் முதுநகரில் சிதம்பரம் பஸ் வந்து நிற்கும். என் மனைவி ஏறுவாள். பஸ் கிளம்பும். நான் வண்டியை உதைத்து அதன் பின்னாலேயே போவேன். அவள் உட்கார வேண்டிய பின் சீட்டில் கருவாட்டு மூட்டை உட்கார்ந்திருக்கும்.

அவள் துறைமுகத்தில் கருவாடு எடுத்து சிதம்பரம் மார்க்கெட்டில் விற்கிறாள். கருவாட்டைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். நாற்றம் என்பார்கள். அவளை ஏற்றுவார்கள். அதனால் கருவாட்டுக்கு என் வண்டி, அவளுக்கு பஸ். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போய் வந்தோம்.

பஸ் நின்றால் நானும் நிற்பேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் அவள் தலையை நீட்டித் திரும்பிப் பார்ப்பாள். ஒரு தடவை கேட்டேன்.

"என்னைப் பாத்தியா?"

"மூட்ட சரிஞ்சிருக்கான்னு பாத்தேன்" என்றாள்.

என் வண்டி பழசு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். துறைமுகத்தில் ஒரு போட்டுக்காரர் கொட்டகையில் வலைக்கு அடியில் கிடந்தது. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் வாங்கினேன். நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை எனக்கு லீவு. அதனால் எத்தனையோ வருஷம் சனிக்கிழமை என்றால் நாங்கள் மூன்று பேர் போவோம். நான், நடுவில் மூட்டை, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஆலப்பாக்கம் தாண்டி விழுந்தோம்.

முன் சக்கரத்தில் காற்று ஒரே அடியாகப் போய்விட்டது. ஹேண்டில் என் கையில் நிற்கவில்லை. ரோட்டோரம் மண்ணில் போய்ச் சாய்ந்தோம். எனக்கு முழங்கையில் தோல் போனது. அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. மண்ணில் உட்கார்ந்தபடி அவள் சொன்ன முதல் வார்த்தை:

"மூட்ட அவுந்துடுச்சா பாரு மாமா."

எலும்பு கூடிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்குகிறாள். கருவாட்டுக் கூடையைத் தூக்குகிறாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை.

"உம்மேல கோவம் இல்ல மாமா. அந்த முன் சக்கரத்து மேலதான்."

"புது டியூப்பு போட்டுட்டேன்."

"அப்பவும் புது டியூப்புதான் போட்டிருந்த."

அவள் பின்னால் உட்கார்ந்து வருவது எனக்குப் பழக்கம். மூட்டை பேசாது. அவள் ஆலப்பாக்கம் வரைக்கும் ஒரு கதை சொல்வாள். அதற்கு அப்புறம் இன்னொரு கதை சொல்வாள். எனக்கு அது வேண்டியிருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. வண்டியில் ஏறு என்று மட்டும் அடிக்கடி சொன்னேன்.

ஒரு நாள் சலித்துப்போய் அவள் சொன்னாள்.

"என் தம்பி கையால டியூப்பு மாட்டிக் குடுக்கட்டும். அப்ப ஏறுறேன்."

அவன் மாட்டமாட்டான் என்று தெரிந்துதான் சொன்னாள்.

அவள் தம்பி சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர், டியூப் கடை வைத்திருக்கிறான். சைக்கிளில் இருந்து டிராக்டர் வரை எல்லாவற்றுக்கும் அங்கே உண்டு. அக்கா என்றால் அவனுக்கு உயிர். அவள் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். "அந்த வண்டிய வித்துடுங்க மாமா" என்றான். நான் விற்கவில்லை. அதிலிருந்து என் வண்டிக்கு அவன் கடையில் டியூப் கிடையாது.

சனிக்கிழமை மார்க்கெட்டில் அவளிடம் மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு நான் அவன் கடைக்குப் போவேன். எல்லா வாரமும் ஒரே பேச்சுதான்.

"வாங்க மாமா. டீ சாப்புடுங்க."

"டீ இருக்கட்டும் மச்சான். டியூப்பு?"

"எந்த வண்டிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குற."

"ஸ்கூட்டருக்கு இருக்கு. டிராக்டருக்கு இருக்கு. டயர் போட்ட மாட்டு வண்டி கொண்டாங்க, அதுக்கும் இருக்கு. அந்தப் பழசுக்கு இல்ல."

"உன் தலைக்கு மேல தொங்குது."

"அது ஆளு சொல்லி வச்சது மாமா."

"போன வாரமும் அதான் சொன்ன. எந்த ஆளு?"

"வருவாரு."

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். சண்டை போட்டால் டீயும் கிடைக்காது. கடலூரில் எத்தனையோ கடையில் டியூப் கிடைக்கும். ஆனால் அவன் கை வேண்டும். அதை விலைக்கு வாங்க முடியாது.

இது எப்படி மாறியது என்றால், எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியால் மாறியது.

அன்றைக்கு நாங்கள் விழுந்த பிறகு ஆலப்பாக்கத்து பஞ்சர் கடைக்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேறு டியூப் போட்டு வைத்தார். கிழிந்த டியூப்பைச் சுருட்டி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். சரியாகப் பார்க்காமலே ஆணி குத்தியிருக்கும் என்றார். எல்லோரும் அதையே சொன்னோம். ஒரு வருஷம் பூரா ஆணியைத்தான் திட்டினோம். யாரும் அந்தப் பையைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தது என் மனைவிதான். டியூப்பை நாடா நாடாக வெட்டினாள். மூட்டை கட்ட, பைப்பைச் சுற்ற, கோழிக்கூண்டுக் கதவை இழுத்துக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான்.

வெட்ட முடியாமல் மிஞ்சியது காற்றடிக்கிற இடம். எங்கள் பக்கம் அதை மவுத்து என்போம். விரல் அளவுக்கு ஒரு பித்தளைக் குழாய் நிற்கும். அடியில் வட்டமாக ரப்பர் ஒட்டியிருக்கும். அந்த வட்டத்தோடு அதை வெட்டி எடுத்துத் தொட்டியின் அடி ஓட்டைக்கு அடைப்பாகச் செருகிவிட்டாள். குழாய் ஓட்டைக்குள் இறங்கியது. ரப்பர் மேலே படிந்தது. நல்ல யோசனைதான். ஆனால் கசிந்தது.

"தொட்டியில தண்ணி நிக்கல மாமா. சாயங்காலம் ரொப்புனா காலையில பாதிதான் இருக்கு."

நான் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ரப்பரில் ஆணி குத்தின ஓட்டை எதுவும் இல்லை. பித்தளைக் குழாய் ரப்பரோடு சேருகிற இடத்தில் மட்டும் கிழிந்திருந்தது. அதுவும் சுற்றிக் கிழியவில்லை. ஒரு பக்கம் மட்டும், பிறை மாதிரி. யாரோ ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்த மாதிரி.

குழாயில் நட்டு இருந்தது. பஞ்சர் கடைக்காரர் கழற்றிவிட்டு மறுபடி அதிலேயே திருகிக் கொடுத்திருந்தார். தண்ணீரில் கிடந்து துருப்பிடித்து, அடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நான் முடுக்கின நட்டு. ஐஸ் கம்பெனியில் எல்லா நட்டும் முடுக்கித்தான் இருக்க வேண்டும். எங்கேயாவது தளர்ந்தால் அம்மோனியா வெளியே வந்து கண்ணைப் பிடுங்கும். என் கைக்கு அதுதான் பழக்கம். நட்டைப் பார்த்தால் ஸ்பானரைத் தேடும்.

அடுத்த சனிக்கிழமை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தொட்டிக்குத் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டுத்தான் போனேன். இல்லாவிட்டால் அவள் விடமாட்டாள்.

மச்சான் டீ சொல்ல வாயைத் திறந்தான். நான் மவுத்தை எடுத்து அவன் மேசையில் வைத்தேன்.

"இன்னா இது?"

"உன் அக்காவ தள்ளி உட்டது."

கையில் எடுத்தான். முதலில் என்னைப் பார்த்தான். அப்புறம் அதைப் பார்த்தான். விரலால் கிழிசலை விரித்தான்.

"இவ்ளோ நாளா எங்க வச்சிருந்தீங்க?"

"தொட்டியில."

"தொட்டியிலயா?"

"உன் அக்கா தண்ணிக்கு அடைப்பு வச்சிருந்தா."

சிரிப்பு வந்தது அவனுக்கு. அடக்கிக்கொண்டான். மறுபடி கிழிசலைப் பார்த்தான்.

"ஆணி இல்ல மாமா."

"இல்ல."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஒரு வருஷத்தில் என் வண்டிப் பக்கம் அவன் வந்தது அதுதான் முதல் தடவை. முன் சக்கரத்துக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இப்போது இருக்கிற டியூப்பிலும் அதே மாதிரி மெல்லிசான பித்தளைக் குழாய். அதிலும் நட்டை முடுக்கி வைத்திருந்தேன், அடியில் ஒரு வாஷர் போட்டு. நட்டைக் கழற்றினான். வாஷரை எடுத்தான். விரலால் குழாயைத் தள்ளினான். அது ரிம் ஓட்டைக்குள் இப்படியும் அப்படியும் ஆடியது.

ஓட்டை பெரிசு. குழாய் சிறிசு.

அவன் ஓட்டையின் ஓரத்தைத் தடவினான். ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் புவனகிரி, புவனகிரி என்று கத்திக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்த ஓட்ட நான் ராவுனது."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால், அவன் கடை திறந்த புதிதில், இந்த வண்டிக்கு ஏற்ற மெல்லிசு மவுத்து டியூப் கிடைக்கவில்லை. ரப்பர் போர்த்திய தடித்த மவுத்துதான் இருந்தது. அது ஓட்டைக்குள் நுழையவில்லை. அவன் அரம் போட்டு முன் ரிம் ஓட்டையை ராவிப் பெரிசாக்கி மாட்டிக் கொடுத்தான். அது நன்றாகத்தான் ஓடியது. தேய்ந்த பிறகு நான் கடலூரில் வாங்கி நானே மாட்டினேன். கடைக்காரர் கொடுத்தது மெல்லிசு. ஓட்டையில் ஆடியது. ஆடக் கூடாது என்று வாஷர் போட்டு முடுக்கினேன்.

"நீ ராவுன. நான் முடுக்குனேன்" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து உள்ளே போனான். கொக்கிக் கம்பை எடுத்துத் தலைக்கு மேல் தொங்கின டியூப்களை ஒவ்வொன்றாக இறக்கினான். ஆளு சொல்லி வைத்ததெல்லாம் இறங்கி வந்தது.

முதலில் மெல்லிசு பித்தளை மவுத்து. அதை ஒரு பக்கம் வைத்தான். "இது பின்னாடிக்கு. பின் ரிம்முல கை வைக்கல. ஓட்ட பழைய அளவுதான்."

இன்னொன்றில் குழாய் வளைந்திருந்தது. "இது ஸ்கூட்டருக்கு. நம்ம ரிம்முல காத்தடிக்கப் போனா போக்ஸ் கம்பியில இடிக்கும்." அதைத் திரும்ப மாட்டிவிட்டான்.

மூன்றாவது தடித்த மவுத்து. குழாய் பூரா கறுப்பு ரப்பர் போர்த்தியிருந்தது. அவன் டியூப்பைப் பிரித்து மடிப்பு இருந்த இடத்தை இழுத்துப் பார்த்தான். மயிர் மாதிரி வெடிப்பு ஓடியது. "ரொம்ப நாள் மடிச்சிக் கெடந்துருக்கு. வாணாம்." தூக்கி மூலையில் போட்டான். உள்ளே போய் அட்டைப் பெட்டியில் இருந்து வேறொன்று கொண்டுவந்தான். மடிப்பை இழுத்தான். காதுக்குப் பக்கத்தில் வைத்து மவுத்தின் அடியை அழுத்தினான். கொஞ்சம் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினான். குமிழி வரவில்லை. ஒரு வருஷம் இல்லை இல்லை என்றவன், இப்போது ஒரு டியூப்பைப் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

முன் சக்கரத்தைக் கழற்றினோம். டயரைப் பிரித்தோம். ஓட்டையின் ஓரத்தில் கூர் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். என் விரலைப் பிடித்து அதில் வைத்தான். வழவழவென்று இருந்தது. போக்ஸ் கம்பித் தலைகள் டியூப்பைக் குத்தாமல் இருக்க ரிம் சுற்றிப் புது ரப்பர் நாடா போட்டான். டியூப்புக்குப் பவுடர் தடவினான். தடித்த மவுத்தை ஓட்டைக்குள் விட்டான். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஆடவில்லை.

நான் நட்டை எடுத்து நீட்டினேன்.

"இதுக்கு நட்டே கெடையாது மாமா."

"நட்டு இல்லாம எப்படி நிக்கும்?"

"காத்து புடிச்சிக்கும்."

"எனக்கு மனசு கேக்கல மச்சான்."

"மனச ஐஸ் கம்பெனியில வச்சிக்குங்க. இங்க கேளுங்க. பிரேக்கு புடிக்கும்போது டயரு ரிம்முல கொஞ்சம் நவுரும். காத்து கம்மியா இருந்தா ஜாஸ்தி நவுரும். டியூப்பும் கூடவே போவும். நீங்க மவுத்த நட்டு போட்டுக் கட்டி வச்சிட்டா அது எங்க போவும்? பிச்சிக்கும். கட்டலன்னா சாயும். சாஞ்சா கண்ணுல படும். நிறுத்திச் சரி பண்ணிக்கலாம்."

"அப்ப பின்னாடிக்கு?"

"அதுல நட்டு இருக்கட்டும். ரிம்முல முடுக்காதீங்க. மேல ஏத்தி மூடியோட ஒட்டி வையுங்க."

எனக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. ஒரு நட்டை வேண்டுமென்றே தளர்வாக விட்டுவிட்டு வருவது என் கைக்குப் புதுசு.

பின் சக்கரத்துக்கு அந்த மெல்லிசை மாட்டி, இரண்டுக்கும் மீட்டர் வைத்துக் காற்றடித்தான். நான் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக் காற்று வைக்கிற ஆள். அந்த விரலுக்கு நேரடியாகவே சொன்னான். "அந்த வெரல இதோட விட்டுடுங்க." கடைசியில் சாக்பீஸ் எடுத்து மவுத்துக்கு நேராக டயரில் இருந்து ரிம் வரைக்கும் ஒரு கோடு போட்டான். டயர் நகர்ந்தால் கோடு இரண்டாக உடையும்.

அந்த நேரம் என் மனைவி வந்தாள். கையில் காலிச் சாக்கு. கருவாடு விற்றுப்போயிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கை கறுப்பாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னாடா இது? இந்த வண்டிக்கு டியூப்பு இல்லன்ன?"

"வந்துச்சி."

"ஆளு சொல்லி வச்சதுன்னு இவருகிட்ட கத வுட்டியாமே. யாரு அந்த ஆளு?"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நீதான்க்கா."

அவள் மேசையில் இருந்த மவுத்தைப் பார்த்துவிட்டாள்.

"என் தொட்டி அடைப்ப எடுத்தாந்து இங்க ஏன் வச்சிருக்கீங்க?"

நடந்ததைச் சொன்னோம். அவன் பாதி சொன்னான், நான் பாதி சொன்னேன். அவள் சாக்கை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆக, நீ ராவுன. இவரு முடுக்குனாரு. நான் உழுந்தேன்."

மச்சான் துணியை எடுத்து மறுபடி கையைத் துடைத்தான்.

"ஆணி பாவம்" என்றாள்.

அவன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் அவள். எனக்கும் வந்தது.

"நீ மொதல்ல ஓட்டிப் பாரு" என்றாள் தம்பியிடம்.

அவனுக்கு வலது கால் கியர் பழக்கம் இல்லை. பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தான். வண்டி குதித்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எப்படியோ தேர் வீதி நாலையும் சுற்றிவிட்டு வந்தான். கடைக்கு முன்னால் வேண்டுமென்றே முன் பிரேக்கை இழுத்துப் பிடித்தான். டயர் கீச்சென்று நின்றது.

அவள் போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள். மவுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாயல" என்றாள்.

அவ்வளவுதான். காலிச் சாக்கை என்னிடம் கொடுத்தாள். நான் அதைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். அவள் பின்னால் ஏறினாள். கையை என் தோளில் வைத்தாள். பிடி கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. மச்சான் கடை வாசலில் நின்றான். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. "மெதுவா" என்று மட்டும் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

வெள்ளாத்துப் பாலம் வரைக்கும் அவள் பேசவில்லை. பாலம் தாண்டி ஒரு இடத்தில் ரோடு வேலைக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். முன்னால் வந்து கோட்டைப் பார்த்தாள். ஏறினாள். புதுச்சத்திரத்தில் அதே மாதிரி. ஆலப்பாக்கம் நெருங்கியது. நாங்கள் விழுந்த இடம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தட்டுமா?"

"ஏன்?"

"கோடு பாக்க."

"இப்பதான பாத்தேன். போ மாமா."

அதற்கு அப்புறம் மார்க்கெட்டில் நெத்திலி வாங்க வந்த ஒரு டீச்சரம்மா அன்றைக்கு என்ன சொன்னாள், இவள் என்ன திருப்பிச் சொன்னாள் என்று ஆரம்பித்தாள். முதுநகர் வந்தும் கதை முடியவில்லை. வண்டியை நிறுத்திய பிறகும் சீட்டில் உட்கார்ந்தே சொல்லி முடித்தாள்.

தொட்டிக்கு இப்போதும் துணிதான். மவுத்தை மச்சான் திருப்பித் தரவில்லை. கடையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். நட்டு முடுக்கணும் என்று யாராவது அடம் பிடித்தால் அதை எடுத்துக் காட்டுகிறான். அவள் வாராவாரம் கேட்கிறாள்.

"என் அடைப்பக் குடுடா."

"அது கசியுதுன்னுதான சொன்ன?"

"கசிஞ்சாலும் என்னுது."

அன்றைக்கு முன் சக்கரத்தில் இருந்து கழற்றின மெல்லிசு டியூப் கிழியாமல் நன்றாகத்தான் இருந்தது. பின் சக்கரத்துக்கு ஆகும் என்று எடுத்து வைத்தேன். ஒரு நாள் பார்க்கிறேன், அவள் கத்தரிக்கோலோடு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏ புள்ள, அது நல்ல டியூப்பு."

"பாத்தாதான் மாமா தெரியும்" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன சனிக்கிழமை நாங்கள் முதுநகரில் இருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் ஹாரன் கேட்டது. சிதம்பரம் பஸ். பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. அவளுக்குப் பழக்கமான கண்டக்டர் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆளையே காணம்? நம்ம பஸ்ஸு புடிக்கலையா?"

"உங்க பஸ்ஸுல கருவாட்ட ஏத்துவீங்களா?"

"அது மட்டும் கேக்காத தாயி."

"அப்ப போங்க, போங்க" என்று கையை வீசினாள். ஒரு கைதான். இன்னொரு கை மூட்டையைப் பிடித்திருந்தது.

பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நான் அதன் பின்னால் போகவில்லை. அவள் விட்ட இடத்தில் இருந்து கதையைத் தொடங்கினாள்.